தணிகாசலத்தின் முகத்திலிருந்த சிவப்பு

அடைமழையால் மின்சாரம் நின்ற இரண்டாம் நாள் பிற்பகல், முத்தியால்பேட்டையில் நாங்கள் பணிபுரிந்த இரத்தப் பரிசோதனை நிலையத்திற்குத் தணிகாசலம் மறைந்த செய்தி வந்தது. காலையில் படுத்தவர் எழவில்லை, மாரடைப்பாம். பதினோரு ஆண்டுகள் அவருடன் ஒரே மேசையைப் பகிர்ந்தவள் என்ற உரிமையில், அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், அங்கே சோதனைக்குழாய் கழுவ வந்தவள். நூல்களை நானே பயின்று தேறினேன். இதைக் கூற எனக்குக் கூச்சமில்லை. பட்டயம் பெற்ற அவர் என்னை, பிரெஞ்சில் அம்மையாரை அழைப்பதுபோல், "மதாம்" என்பார். நான் ஐயா என்பதற்கு "முசே" என்பேன். கேலியாகத் தொடங்கியது மரியாதையாக நிலைத்தது.

ஒருமுறை கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த மீன்கார அம்மாள் ஊசிக்குழலைப் பார்த்துப் பதறினார்.

"என்னா சார், ரத்தம் கறுப்பா வருது?"

"உடம்புக்கெல்லாம் மூச்சைக் குடுத்துட்டுத் திரும்புற ரத்தம்மா. வேலை முடிச்சு வந்தா நீ மட்டும் பளபளன்னா இருப்ப?"

மிஞ்சிய துளிகளைத் தணிகாசலம் காற்றுடன் குலுக்கிக் காட்டினார். கருஞ்சிவப்பு ஒளிர்சிவப்பாக மாறியது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "ஹீமோகுளோபின்ல இருக்கிற இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கிறது பெரிசில்ல மதாம். வேண்டிய எடத்துல விட்டுடுதே, அதான் பெரிசு."

எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்றால், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் விடாதே என்றேன், படித்த செருக்கோடு.

"ஆமா. ஆளு மூச்சு முட்டிச் சாவான், ரத்தம் மட்டும் ஜோரா செவந்திருக்கும். அந்தச் செவப்பைப் பாத்தா ஓடிடணும்." அப்போது அவர் சிரிக்கவில்லை.

சாவுச் செய்தி கேட்டு நான் போனபோது, உழவர்கரையில் அவர் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் நெருக்கி அமர்ந்திருந்தனர். சாரலுக்காகச் சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள்.

"தூங்குறாப்புலயே இருக்காரு. மொகத்தைப் பாரேன், என்னா செவப்பு!" என்றார் ஒரு பெண்மணி.

நான் அவருடைய உதட்டைப் பார்த்தேன், நகங்களைப் பார்த்தேன். அங்கும் அதே ஒளிர்சிவப்பு.

"காலையில ஜெனரேட்டர் ஓடுச்சாம்மா?" என்று அவர் மனைவியைக் கேட்டேன். நிலையத்தின் சோதனைத் திரவங்கள் கெடாதிருக்க, அவற்றைத் தம் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, ஜெனரேட்டர் போட்டுக் காத்து வந்தார் தணிகாசலம்.

"நனையுதுன்னு வீட்டுக்குள்ள நடையில இழுத்து வச்சாரு. பத்து நிமிஷம்தான்னாரு. நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பெட்ரோல் தீந்து நின்னுடுச்சு."

அதே நொடியில் நடையிலிருந்து இயந்திரம் உறுமியது. கூடத்திற்கு விளக்கு வேண்டுமென்று பெட்ரோல் ஊற்றி முடுக்கியிருந்தார் அவர் மைத்துனர்.

"நிறுத்துங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

"சாவு வீட்ல என்னம்மா அதிகாரம்?" என்றார் மைத்துனர்.

நானே ஓடி அதை அணைத்தேன், சன்னல்களைத் திறந்தேன். சாரல் தணிகாசலத்தின் முகத்தில் விழுந்தது. தெருவில் நனைந்துகொண்டு நின்றபோது அவர் மனைவி என் கையைப் பற்றினார்.

"அப்ப மாரடைப்பு இல்லையா?"

"இல்லைம்மா. ஜெனரேட்டர் புகை."

ஓடிவிட வேண்டும் என்று சொன்னவர் ஓடவில்லை. அவர் சொல்லைக் கேட்டிருந்ததால் நாங்கள் ஓடினோம். இன்றும் ஒவ்வொரு குழாயையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நல்ல நிறத்தைக் கண்டதும் முதலில் நடுங்குகிறேன். முசே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடுக்கம்.