பாப்பாத்தியக்கா சொன்ன பெயர்

டிசம்பர் கடைசி வந்துவிட்டால் போதும், எங்கள் மலைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் மெழுகுவத்திப் படம் போட்டு, "சுனாமி வந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுவிடுவார். அன்றைக்குப் பூரா போன் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த வருடம் ஒருவர், தேவனூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) தன் வீட்டுப் பரணிலிருந்து பித்தளைக் குடம் தானாக உருண்டு விழுந்தது என்று எழுதினார். இன்னொருவர், அருவியில் தண்ணீர் ஒரு நிமிடம் நின்றுபோனதைக் கண்ணால் பார்த்தாராம். அந்த மனிதர் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடலுக்கும் எங்கள் கொல்லிமலைக்கும் நடுவே நாலு மாவட்டம் கிடக்கிறது. இங்கே குடம் உருண்டதாம், அருவி நின்றதாம். கேட்டால் ஐம்பது பேர் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள்.

நான் எங்கே இருந்தேன் என்று எழுதினால் ஒருவரும் கைகூப்ப மாட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பொம்பளையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள்.

மலைமேல் எங்கள் செம்மேட்டில் சலீம் பாயின் மிளகு மண்டி இருந்தது. பாய் அடிவாரத்துக்காரர். மலையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழே லாரியில் அனுப்புவார். மண்டியின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்டு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அதற்கு நான்தான் ஆள். பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க வைக்காத கோபத்தில் இருந்த வயசு. மூட்டை மூட்டையாக மிளகு அடுக்கிய அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் மூக்கும் எரியும், மனசும் எரியும். இன்றைக்கும் ரசத்துக்கு மிளகு தட்டும்போது தும்மலோடு அந்த டயல் டோனும் காதில் வருகிறது. என் மகளிடம் டயல் டோன் என்றால் என்ன என்று விளக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பாப்பாத்தியக்காவுடையது. திண்ணனூர் நாட்டில் ஒரு குக்கிராமத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து வருவாள். அவள் புருஷன் நாகப்பட்டினத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு அவர் அங்கிருந்து போன் போடுவார். இவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உம்", "சரிங்க", "மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று மூன்று பேச்சுப் பேசிவிட்டு வைத்துவிடுவாள். இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்து வருகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அந்த ஞாயிறு பத்து மணிக்குப் போன் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பன்னிரண்டு மணி சுமாருக்கு எதிர் டீக்கடை டிவி முன்னால் கூட்டம் கூடியது. நான் எட்டிப் பார்த்தேன். படகு ஒன்று ரோட்டின் நடுவில் கிடந்தது. அப்புறம் பிள்ளைகளைக் காட்டினார்கள், வரிசையாக. நான் திரும்பி வந்துவிட்டேன். பாப்பாத்தியக்கா மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து, இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய்க்குச் செய்தி போய், அவர் மண்டிக்கு வந்தார். அவருடைய மச்சான் நாகூரில் இருந்தார். லைன் கிடைப்பேனா என்றது. நான் விரல் வலிக்க அழுத்திக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்வதற்குள் ஒரு வழியாகக் கிடைத்தது. மச்சான் வீட்டில் எல்லாரும் மாடியேறித் தப்பியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர், "நாளைக்கு முகாம் முகாமாப் போயிப் பாக்குறேன். ஆஸ்பத்திரியில லிஸ்டும் ஒட்டியிருக்காங்க. ஆளு பேரச் சொல்லும்மா" என்றார்.

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

"அக்கா, பேரு என்னங்க?"

"மேக்காட்டாரு."

"அது ஊருல கூப்பிடறதுங்க. கார்டுல இருக்கற பேரு."

"அதச் சொல்ல மாட்டாங்க, கண்ணு."

"யாரு சொல்ல மாட்டாங்க?"

"நானு."

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பொம்பளைகளின் கணக்கு. எனக்கு அப்போதே இதெல்லாம் ஆகாது. பின்னாளில் கல்யாணம் ஆன முதல் நாளிலிருந்தே என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் அதையும் பாதியாகச் சுருக்கிக் கூப்பிடுவேன். சர்க்கரை ஒன்றைத் தவிர மனிதருக்கு ஒரு குறையும் இல்லை.

"ஏனுங்க அக்கா, அவுரு உசுரோட இருக்கறாரான்னு தேடத்தானே கேக்கறாங்க!"

"நல்லா இருக்கறப்பவே சொன்னதில்ல. தண்ணிக்குள்ள கெடக்கறாரோ, தரையில கெடக்கறாரோ, இப்பப் போயிச் சொல்லச் சொல்றயே."

அங்கே லைன் இரைந்துகொண்டிருந்தது. சரி, ரேஷன் கார்டைப் பார்க்கலாம் என்றேன். கார்டு தகரப் பெட்டியில் இருக்கிறது. பெட்டிச் சாவி? அவர் அரைஞாண் கயிற்றில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானே ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன், சரியான பெயர் வந்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள் என்று கெஞ்சினேன். பத்துப் பன்னிரண்டு பெயர் சொன்னேன். தலை ஆடவே இல்லை.

"ஒண்ணு கூடவா சரியில்ல?"

"தலைய ஆட்டுனாலும் சொன்ன மாதிரிதான், கண்ணு."

இதற்குள் லைன் அறுந்துபோனது. பாய் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்கு முன்னால் ஊருக்கு அனுப்பிவைத்தார். நாடே துக்கத்தில் கிடந்தது. எனக்கானால் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

மறுநாள் காலையில் அவள் குப்புசாமியோடு வந்தாள். மேக்காட்டாருக்குப் பங்காளி வீட்டுத் தம்பி. எல்லா ஊரிலும் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருப்பாரே, அந்த ஆள். வரும்போதே, "எங்கண்ணன் பேரு எனக்குத் தெரியாதா? பெரியசாமி! எங்க தாத்தா பேரு. பேரனுக்குத் தாத்தா பேரத்தான வெப்பாங்க" என்றார். பாப்பாத்தியக்கா வாயைத் திறக்கவில்லை. அவள் மறுக்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தலையாட்டினாலே சொன்ன மாதிரி என்பவள், இல்லை என்று சொன்னால் அடுத்தபடி சரியான பெயரைக் கேட்பார்கள் என்று பயந்திருப்பாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பெரியசாமி என்று நாகூருக்குச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மச்சான் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"பெரியசாமின்னு ஒருத்தரு பேரு ஆஸ்பத்திரியில போட்டிருக்கும்மா. எறந்தவங்க லிஸ்டுல. ஊரு போடல."

குப்புசாமிக்கு என் முகத்திலிருந்தே புரிந்துவிட்டது. "அண்ணா, போயிட்டியா!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். டீக்கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஊருக்குப் போய்க் கேதம் சொல்ல வேண்டும், பந்தலுக்கு மூங்கில் வெட்ட வேண்டும் என்று குப்புசாமி அழுகையின் நடுவிலேயே வேலையும் பிரிக்க ஆரம்பித்தார். யாரோ ஒரு அம்மாள் பாப்பாத்தியக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் வளையல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாப்பாத்தியக்கா கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"அவரு பேரு அதில்லீங்க."

"அதில்லாம வேற என்ன? சொல்லு பாக்கலாம்!" என்றார் குப்புசாமி.

அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எல்லாரும் வெளிய போங்க" என்றாள். போனோம், பாய் உட்பட. கண்ணாடித் தடுப்புக்குள் போய், நான் வைக்காமல் விட்டிருந்த ரிசீவரை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அந்தக் கதவு என்றைக்குமே சரியாகச் சாத்தியதில்லை. அதனால் எனக்குக் கேட்டது. பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அவர் அப்பா பெயரையும் சொன்னாள். நான் முந்தின நாள் அடுக்கிய பன்னிரண்டு பெயரில் மூன்றாவது அது.

வெளியே வந்து மூட்டை மேல் உட்கார்ந்தாள். "சொல்லிப்போட்டேன், கண்ணு" என்றாள். நானோ, "இத நேத்தே சொல்லியிருந்தா ஒரு நாளு வீணாப் போயிருக்குமாக்கா?" என்று கேட்டேன். இருபது வருடமாக அந்தக் கேள்வியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி தேடுகிறேன். அவள் மூஞ்சியை மட்டும் மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் பாப்பாத்தியக்கா நடந்து வந்து மூட்டை மேல் காத்திருந்தாள். பத்தரைக்குப் போன் அடித்தது. மேக்காட்டார்!

கட்டடத்து மொட்டை மாடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்ததால் தப்பித்திருக்கிறார். காலில் மட்டும் காயம். இரண்டு நாளாக ஒரு கல்யாண மண்டபத்து முகாமில்தான் இருந்திருக்கிறார். திங்கட்கிழமை சாயங்காலம் மச்சான் அதே மண்டபத்துக்குப் போய், நடுக்கூடத்தில் நின்று, மூன்று தரம் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நம்ம ஆள் நாலடி தூரத்தில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரையோ கூப்பிடறாங்கன்னு இருந்துட்டேனுங்க. எம்பேரச் சொல்லி என்னை யாரு கூப்பிட்டாங்க?" என்கிறார். மறுநாள் மச்சான் இரண்டாம் தடவை போய், கொல்லிமலைக்காரர் யாராவது உண்டா என்று கேட்ட பிறகுதான் கையைத் தூக்கியிருக்கிறார். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது சொல்லுங்கள்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஆமா, எம்பேரு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். பாப்பாத்தியக்கா எனக்கு எதிரே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"ரேஷன் கார்டுலதானுங்க பாத்தோம்" என்றேன்.

"பெட்டிச் சாவி எங்கிட்டயல்ல இருக்குது?"

நான் விழித்தேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்; மெதுவாக, "அவகிட்டக் குடு, கண்ணு" என்றார். அவள் ரிசீவரை வாங்கி, "உம்" என்றாள். பிறகு வெகுநேரம் ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவர் கடல் பக்கம் போகவில்லை. மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். நடுவில் அவருக்குச் சளி பிடித்தாலும், மாடு முட்டினாலும், பாப்பாத்தியக்கா செம்மேட்டுச் சந்தையில் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் சில வருடங்களுக்கு முன்னால், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது தவறி விழுந்தார். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கேதத்துக்குப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது, கண்ணு" என்றாள். அழுகிற வீடு என்றும் பார்க்காமல் நான் குரலை உயர்த்திவிட்டேன். "அக்கா, சொன்னதாலதான் அவுரு கெடைச்சாரு! அப்புறம் எத்தனை வருசம் இருந்தாரு!" சுற்றி இருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

பூத் போய்விட்டது. மஞ்சள் போர்டு, கண்ணாடித் தடுப்பு, ஞாயிறு பத்து மணி, எல்லாம் போய்விட்டன. பாயும் போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் மண்டியைக் கீழேயே வைத்துக்கொண்டார்கள். அந்த மூலையில் இப்போது நான் ஜெராக்ஸ் மிஷின் போட்டு, ஆன்லைன் விண்ணப்பம் பதிந்து கொடுக்கிறேன்.

போன மாதம் பாப்பாத்தியக்கா விதவை பென்ஷனுக்கு வந்தாள். வருடக்கணக்காகச் சொல்லியும் வராதவள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கணவர் பெயர் என்ற கட்டம் வந்ததும் நான் அவளைக் கேட்கவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே. நானே அடிக்க ஆரம்பித்தேன்.

அவள் பெயரைச் சொன்னாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னாள். நான் எழுதிவிட்டேனோ இல்லையோ என்று இன்னொரு தரமும் சொன்னாள்.

"அக்கா!" என்றேன். விரல் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னமே என்ன, கண்ணு? சொன்னா யாருக்கு என்ன ஆயிரப்போவுது? தப்பில்லாமப் போடு."

கண்ணீர் மறைத்ததால் எழுத்துத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு தப்பில்லாமல் அடித்தேன். பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட வேண்டும். அதையும் போட்டேன்.