அரைத்து முடியும்வரை படிக்கலாம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் மாவு மில் வைத்திருக்கிறவள் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரைதான் படித்தேன். பேசுவதற்கும் கூச்சம். மில் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால்தான் இந்தத் தொழில் எனக்கு ஒத்துவந்தது.

தச்சநல்லூரில் எங்கள் மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, டின்கள்தான் நிற்கும். கோடை லீவில் டின்னைத் தூக்கி வருவது பிள்ளைகள். டின்னை வரிசையில் வைத்துவிட்டு போனை நோண்டுவார்கள், இல்லையென்றால் மிளகாய் நெடியில் தும்முவார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பையும் பூட்டிவிடுகிறார்களே என்று, பழைய பேப்பர் கடையில் கதைப் புத்தகங்கள் வாங்கி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். அரைத்து முடியும்வரை படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டேன். கொண்டுபோ என்று சொன்னால் எந்தப் பிள்ளை படிக்கும்?

கொஞ்ச நாளில் டின்கள் பெருகின; டின்னுக்குள் அரிசி குறைந்தது. ஒரே நடையில் கொண்டுவந்ததை அரை அரைக் கிலோவாகக் கொண்டுவந்தார்கள். நானும் அவசரப்படாமல் அரைத்தேன்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எல்லோரையும் மிஞ்சினாள். தொலைந்த படகைத் தேடிப் போகும் அண்ணன் தங்கை கதையைத்தான் அவள் படித்துவந்தாள். கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தபோது அவள் அம்மா ஒரு கையில் அவளையும் மறு கையில் டின்னையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“யக்கா, வீட்டுல சோறு பொங்க அரிசி இல்ல. பூரா மாவாக் கெடக்கு. மூணு வேளையும் இடியாப்பம். இவ அப்பா தட்டப் பாத்தாலே எந்திச்சு ஓடுதாவ.”

“புட்டும் வச்சியேம்மா,” என்றாள் மகள்.

“ஏட்டி, வாய மூடு. நாளைக்கு இவள ஆழ்வார்திருநகரியில எங்கண்ணன் வீட்டுல கொண்டு விடப்போறேன். லீவு முடியுத மட்டும் அங்கன கெடக்கட்டும். மாவையும் அங்கனயே தள்ளிருதேன். இந்தா, இதையும் இவ நனைச்சுக் காயப்போட்டுட்டா, அரைங்க. இதான் கடைசி.”

மகள் கயிற்றில் தொங்கிய புத்தகத்தையே பார்த்தாள். “பெரியம்மா, படகு கெடச்சுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

எனக்குத் தெரியும். “தெரியாதே,” என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

மிளகாய் நெடி ஆகாது என்று இருவரையும் வெளியே அனுப்பினேன். கயிற்றை அவிழ்த்து, புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, டின்னின் அடியில் வைத்து, மேலே மாவைக் கொட்டினேன்.

அம்மா டின்னைத் தூக்கிப் பார்த்தாள். “என்னக்கா, இந்தக் கனம் கனக்கு?”

“சூடா இருக்குல்லா. சூட்டுல கனக்கும்.”

“இத்தன வருசம் கனத்ததில்லையே?”

“இந்த வருசம் வெயில் சாஸ்தி.”

அவர்கள் தெரு முக்கு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சூட்டு மாவை டின்னோடு மூடினால் வேர்த்துக் கட்டியாகிவிடும், வீட்டுக்குப் போனதும் பேப்பரில் கொட்டி ஆறவையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறவளே நான்தான். அந்த அம்மா கொட்டுவாள். முதலில் மாவு விழும். பிறகு புத்தகம் விழும். சாயங்காலம்வரை, யார் டின் என்று பார்த்த பிறகே தலையை நீட்டினேன்.

மறுநாள் காலையில் இருவரும் பஸ்ஸுக்கு மில் வழியாக நடந்து போனார்கள். டின் அம்மா கையில் இருந்தது. புத்தகம் மகள் கையில் இருந்தது.