பொழுது சாய்வதற்குள் விழுப்புரம்

1. ஓணானுக்கு வழி

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னாடி பீப்பாய் மாதிரி கேஸ் பிளான்ட் இருக்கும். அதில் கரி எரித்துத்தான் வண்டி ஓடும். கரி அள்ளும் கிளீனரா இருந்த என்னை முதலாளி டிரைவராக்கி, திண்டிவனம்–விழுப்புரம் சாயங்கால டிரிப்பைக் கொடுத்தார். ஒரு மாசம் ஒழுங்கா ஓட்டினால்தான் வேலை நிரந்தரம்.

நான் மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணன். எங்களை நயினார் என்பார்கள். முதல் நாளே ஒரு பாசஞ்சர் ஆரம்பிச்சார்: "டிரைவரு நயினாரா? போச்சுடா! அவங்க எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க. வண்டி எங்க போய்ச் சேர்றது?"

விக்கிரவாண்டிகிட்ட ஒரு ஓணான் குறுக்கே ஓடிச்சு. "நயினாரே, எறங்கி வழிவிடுங்க!" பஸ்ஸே சிரிச்சுது.

கிளீனரா இருந்தப்போ ஷெட்டுக்குக் காலி வண்டியை விரட்டி விரட்டிப் பழகினவன் நான். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் கால் தானா பிரேக்குக்குப் போச்சு. கோழிக்கு நின்னேன், ஆட்டுக்கு நின்னேன், காத்துல உருண்டு வந்த பனையோலைக்கும் நின்னேன். தினமும் இருட்டினப்புறம்தான் விழுப்புரம்.

"இன்னொரு தரம் லேட்டாச்சு, மறுபடி கரி அள்ளப் போயிடு," என்றார் முதலாளி.

2. போட்ட இலை போன கதை

அன்னிக்கு ராத்திரி மனசு வெறுத்துப்போய் ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டு கிளப்பில் உட்கார்ந்தேன். கிளீனரா கரி மூஞ்சியோட வந்தப்போ யாரும் என்னை யாருன்னு கேட்டதில்லை. ராத்திரிதோறும் ஆறு இட்லி அடிப்பேன். இப்போ நான் நயினார்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு; கிளப்புக்காரர் போட்ட இலையைத் திரும்ப எடுத்துக்கினார்.

"ஐயய்யோ, நயினாரே! பொழுது சாஞ்சு நீங்க சாப்பிடலாமா? உங்க ஆசாரத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேணாங்க."

"பரவாயில்லைங்க, போடுங்க."

"நீங்க பெரிய மனசுல சொல்றீங்க. நான் போட மாட்டேன்."

பட்டினி. பேஜாராப் போச்சு.

மறுநாள் திண்டிவனத்திலேயே பசி. எதிரே சாயுற சூரியனைப் பார்த்துக்கினே மிதிச்சேன். ஆடு வந்தாலும் ஹாரன், ஓணான் வந்தாலும் ஹாரன். "நயினாரு பொழுதோட சாப்பிடணும், ஜல்தி ஏறுங்கப்பா!" என்று பாசஞ்சர்களே ஒருத்தரை ஒருத்தர் விரட்டினாங்க. மேட்டில் வண்டி திணறினப்போ இறங்கித் தள்ளவும் செஞ்சாங்க. வெளிச்சத்திலேயே விழுப்புரம். ஆறு இட்லி. மாசக் கடைசியில் வேலையும் நிரந்தரம்.

ஓணானுக்கு வழிவிடச் சொன்ன அதே பாசஞ்சர் பிற்பாடு சொன்னார்: "நயினாரு வண்டியா? கண்ணை மூடிக்கினு ஏறு. நயினாருங்கன்னாலே வேகம்!"

வண்டியும் அதேதான், காலும் அதேதான். புது டிரைவரைப் பார்த்து 'இவன் இன்னாரு, இப்படித்தான் ஓட்டுவான்' என்று சொல்லாதீங்கப்பா. சொன்னபடியே ஓட்டித் தொலைப்பான். பொழுது சாஞ்சா சாப்பிடக் கூடாதுங்கிறது எங்கப்பா அடிச்சும் எனக்கு வராத ஆசாரம். ரிட்டயராகி வீட்டில் இருக்கேன். இன்னிக்கும் இருட்டினா ஒரு வாய் இறங்கலை. கிளப்புக்காரர் வந்து இலையை எடுத்துடுவாரோன்னு இருக்கு.