தொட்டி ஓரத்துச் செருப்பு

நான் குடிக்கிறவன் இல்லை. இது கனவும் இல்லை. நாற்பது வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றவன் நான். பொய் எழுதுவதற்காக அவ்வளவு கஷ்டப்படவில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் பதினாறு வருஷம், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தேன். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். இறங்குகிறவன் செருப்பை ஓரத்தில் விட்டுவிட்டுத்தான் இறங்குவான். ஓரத்தில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். அப்போது எதையும் கொட்டக் கூடாது. எங்களுக்குள் அதுதான் சட்டம்.

1979இல் ஷெட்டை மூடினார்கள். சுவர் தடுத்துப் பன்னிரண்டு வீடாக்கி வாடகைக்கு விட முதலாளிக்கு ஆசை. ஃபாக்டரி இடத்தில் குடித்தனம் வைக்க முனிசிபாலிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் ஆபீசர் பார்க்க வருகிறார் என்றதும் மேனேஜர் குதித்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு தொட்டி கண்ல படக் கூடாது. இன்னாடா இது, அங்கங்க செருப்பு? வாரி கேட்டாண்ட போடு. ஆளுங்க எல்லாம் மேல ஏறியாச்சு."

நம்பினேன். நான்தான் கூடையில் வாரினேன். லாரி லாரியாகக் கட்டட இடிசலைத் தொட்டிகளில் கொட்டினோம்.

வேலை முடிந்து அவரவர் செருப்பை எடுத்துப் போனபின் கேட்டில் ஒரு ஜோடி மிஞ்சியது. இடது வாரில் செம்புக் கம்பி முடிச்சு. அது என்னோடு தொட்டியில் இறங்கும் துரைசாமியின் செருப்பு.

"அவன் மத்தியானமே குடியாத்தம் போய்ட்டான், பொண்டாட்டிகிட்ட" என்றார் மேனேஜர்.

வெறுங்காலோடா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

1983இல் அதே இடத்தில் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குக் குடிவந்தேன். தோல் வாடை அடிக்கிறவனுக்கு வேறு யாரும் வீடு தரவில்லை. நான், மனைவி லில்லி, ஏழு மாதக் குழந்தை.

மூன்றாம் நாள். சாயங்காலம் 6.50. கரண்ட் போனது. லில்லி விளக்கை ஏற்றினாள். குழந்தை ஹால் நடுவில், பாயில். சுண்ணாம்பு நெடி மூக்கில் ஏறியது.

சளப்... சளப்...

தோலைத் தண்ணீரில் புரட்டும் சத்தம். காலுக்குக் கீழே.

"இன்னாங்க, செருப்ப நடு வீட்ல விட்டிருக்கீங்க?"

என் செருப்பு வாசலில் கிடந்தது.

பாய் ஓரத்தில் ஒரு ஜோடி... ஈரம் சொட்ட. இடது வாரில் செம்புக் கம்பி.

எடுத்துத் தெருவில் எறிந்தேன். தாழ் போட்டேன். மணி 7.05.

திரும்பினேன்.

அங்கேயே இருந்தது.

குழந்தை குப்புறக் கவிழ்ந்து, தரையில் காதை வைத்திருந்தது.

டொக்... டொக்... டொக்...

மூன்று தட்டு.

கை கொடு, ஏறணும் என்று தொட்டிக்குள் இருப்பவன் தட்டுவது.

குழந்தையை வாரிக்கொண்டு ஓடினோம்.

விடிந்ததும் போய் அந்தச் செருப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். நேராக முனிசிபாலிட்டி. தொட்டியைத் தோண்டிப் பாருங்கள் என்றேன். கிளார்க் 1979 ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இவ்விடத்தில் எக்காலத்திலும் தொட்டிகள் இருந்ததில்லை.' கீழே என் கைநாட்டு. எனக்கு எழுத்துத் தெரியாத அந்த நாளில், வேலை முடிந்ததற்கு என்று சொல்லி மேனேஜர் வாங்கியது.

"இல்லாத தொட்டிய எப்படிய்யா தோண்டறது? சாட்சியே நீதான்" என்றார் கிளார்க்.

ஒரு மனுஷனைப் புதைத்து, அதன் மேல் என் கட்டைவிரலை வைத்து மூடியிருக்கிறார்கள்.

குடியாத்தம் பஸ் ஏறினேன். துரைசாமி மனைவி கங்கம்மாள் தறியில் இருந்தாள்.

"அவர் வரவே இல்லண்ணே. எங்கியோ ஓடிட்டாருன்னு மேனேஜரே ஆள் அனுப்பிச் சொன்னாரு. இத மட்டும் குடுத்துட்டுப் போனான்."

பரணிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை இறக்கிப் பிரித்தாள்.

ஒரு ஜோடி செருப்பு. காய்ந்து வெடித்திருந்தது. இடது வாரில் செம்புக் கம்பி முடிச்சு. நாலு வருஷமாகப் பரணை விட்டு இறங்கவில்லையாம்.

நான் பையைத் திறந்து, என்னிடம் இருந்ததை அதன் பக்கத்தில் வைத்தேன்.

அதே வார். அதே முடிச்சு.

இதிலிருந்து மட்டும் இன்னும் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டியது.