தண்ணீர் வைக்காத சோதனை

ஆர்.என்.ஏ.வை வெறுங்கையால் தொடக்கூடாது. என் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். நம் விரல் நுனியிலும் வியர்வையிலும் எச்சிலிலும் அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும் பொருள் இருக்கிறது. கையுறை இல்லாமல் ஒரு குழாயின் மூடியைத் தொட்டால், பல நாள் வேலை வீணாகிவிடும். இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடியை நான் திறக்கும்போதெல்லாம் என் கணவர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

"ஏம்மா, அது மாங்கா ஊறுகாதான? என்னமோ வெடிக்கப்போற மாதிரி தெறக்கறே?"

அவருக்கு ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகு. நான் காலையில் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, சாயங்காலம் ஏறி வருகிறவள். கீழே ஒரு கல்லூரியில் எனக்குச் சின்னதாக ஓர் ஆய்வகம் இருக்கிறது. ஊரில் எனக்கு டாக்டரம்மா என்று பெயர். "நான் அந்த டாக்டர் இல்லீங்க, ஆராய்ச்சி பண்ற டாக்டர்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "அதனால என்னங்க, என்ற முட்டிய ஒரு ஆராய்ச்சி பண்ணி மாத்திரை குடுங்க" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

என் ஆராய்ச்சி ஆரஞ்சு மரத்தில் தொடங்கியது. நான் சிறுமியாக இருந்தபோதே இந்த மலையில் ஆரஞ்சு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. அப்படிக் காய வைப்பவற்றில் ஒன்று ஆர்.என்.ஏ. வைரஸ் என்று கல்லூரியில் படித்தபோது, எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பாடப்புத்தகத்தில் பார்த்த மாதிரி இருந்தது. முனைவர் பட்டத்துக்கு அதையே எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு டெங்கு வைரஸுக்கு மாறினேன். உயிருள்ள வைரஸை வைத்துக்கொள்ளும் வசதி எங்களிடம் இல்லை. அதன் மரபணுவில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, பாக்டீரியாவுக்குள் வைத்துக் கோடிக்கணக்கில் பெருக்கி, அதைக்கொண்டு வேலை செய்தோம். வைரஸ் ஒரு செல்லின் மேல் எப்படி ஒட்டுகிறது என்று பார்க்கப் போய், செல்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்ற கேள்வியில் சிக்கினேன். இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளி விடுமுறை நாளில் அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ரத்தக்குழாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல்களைத் தட்டில் வளர்த்திருந்தோம். ஸ்டூலின் மேல் மண்டியிட்டு மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவள் கத்தினாள்.

"அம்மா, எல்லாரும் கையப் புடிச்சுட்டுப் படுத்திருக்கறாங்க!"

அவற்றைப் பிரித்தெடுக்கும் திரவத்தைச் சில சொட்டு விட்டேன். சற்று நேரத்தில் செல்கள் பிடியைத் தளர்த்தி, உருண்டு, மிதக்கத் தொடங்கின.

"அய்யோ, உட்டுட்டாங்க. திருப்பிப் புடிக்கச் சொல்லும்மா."

வேறு தட்டில் மாற்றி வைத்தால் நாளைக்குத் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாளும் கூட வந்து, பார்த்து, சமாதானமானாள். செல் ஒட்டுதல் பற்றி நான் எழுதிய கட்டுரைகளைவிட அந்த இரண்டு நாட்கள் எனக்குப் பிரியமானவை.

போன ஐப்பசியில் அவள் கோவையில் கல்லூரி முதலாண்டு. செமஸ்டர் தேர்வுக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் செல்போன் சிக்னல் எடுக்காது. தோட்டத்தின் மேல் கோடியில் ஓரிடத்தில், புல்லில் உட்கார்ந்தால்தான் எடுக்கும். படிப்பதாகச் சொல்லிவிட்டு அங்கே படுத்துத் தோழிகளோடு பேசிக்கொண்டிருப்பாள். விடுமுறை முடியும் தறுவாயில் காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிறது என்றாள். கண் சிவந்திருந்தது. மாத்திரை கொடுத்தால் இறங்கி, மறுபடி ஏறியது.

ஏற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தெரிந்த டாக்டரம்மா இருக்கிறார். அவர் நிஜ டாக்டர். பார்த்தவுடன் படுக்க வைத்து டிரிப் ஏற்றினார். தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்குவாக இருக்கலாம் என்று ரத்தத்தைச் சேலத்துக்கு அனுப்பினார்.

"ரிப்போர்ட் நாளைக்கு வந்துருமுங்க."

"எனக்கு ஒரு குழாய் தனியா எடுத்துக் குடுங்க டாக்டர். நானே பாத்துக்கறேன்."

"நாளைக்கு வரைக்கும் பொறுக்க மாட்டியா?" என்றார் கணவர்.

"மாட்டேனுங்க."

ஐஸ் போட்ட பிளாஸ்கில் மகளின் ரத்தத்தை வைத்து, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினேன். டெங்கு முற்றினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்த அளவு அந்த பஸ்ஸில் யாருக்கும் தெரிந்திருக்காது. ரத்தக்குழாயின் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். இடைவெளிகளில் ரத்தத்தின் நீர் கசிந்து வெளியேறும். இத்தனை வருடம் படமாகவும் வரைபடமாகவும் பார்த்த அது, இப்போது அவளுக்குள் நடக்கிறதோ என்று ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நினைத்தேன்.

ஆய்வகத்தில் என் மாணவியைக்கூட நெருங்க விடவில்லை. ஆர்.என்.ஏ.வைப் பிரித்து எடுத்து, இயந்திரத்தில் வைத்தேன். தேடும் டெங்கு மரபணு இருந்தால் திரையில் ஒரு கோடு மேலே எழும்பும். எழும்பியது. நன்றாகவே எழும்பியது. கையால் துழாவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். நான்தான் இதைச் சேலையில் ஒட்டவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று தோன்றியது. எங்களிடம் இருப்பது வெறும் துண்டு, அது யாருக்கும் காய்ச்சல் தராது என்று வகுப்பெடுக்கிறவள் நான். ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் சேலத்து ரிப்போர்ட் வந்தது. டெங்கு இல்லை.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த டெஸ்ட்ல சில சமயம் டெங்கு தெரியாமப் போகுமுங்க டாக்டர். நான் வைரஸோட மரபணுவையே பாத்துட்டேன்."

டாக்டர் யோசித்தார். "இருந்தாலும் ஒரு ஆன்டிபயாட்டிக் சேத்துக் குடுத்துருவமுங்களா? எனக்கு இந்தக் காய்ச்சல் ஒரு மாதிரியா இருக்குது."

"வைரஸுக்கு எதுக்குங்க ஆன்டிபயாட்டிக்? வேண்டாமுங்க."

நான் சொன்னது சரியான விஞ்ஞானம்தான். மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். "நீங்களே கையில எடுத்துப் பாத்தேன்னு சொல்றப்போ நான் என்னங்க சொல்றது" என்று டிரிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் அவளுக்கு மூச்சு வேகமாக வாங்கியது. உதடு காய்ந்து பிளந்திருந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, அம்மாவே டெஸ்ட் பண்ணிட்டேன், என்னன்னு தெரிஞ்சுபோச்சு, இனி பயமில்லை என்றேன். அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"தண்ணி வெச்சியாம்மா?"

குடிக்கத்தான் கேட்கிறாள் என்று அவள் அப்பா டம்ளரை எடுத்தார். அவள் தலையை அசைத்து மறுத்தாள்.

அவள் கேட்டது வேறு தண்ணீர். இந்தச் சோதனையைச் செய்யும்போது, ரத்தமோ சளியோ எதுவும் சேர்க்காமல், சுத்தமான தண்ணீர் மட்டும் விட்ட ஒரு குழாயையும் உடன் வைக்க வேண்டும். அதில் கோடு எழும்பக்கூடாது. எழும்பினால், மேசையிலோ, திரவத்தை உறிஞ்சி விடும் பிப்பெட்டிலோ, காற்றிலோ அசுத்தம் இருக்கிறது, முழுச் சோதனையும் குப்பை என்று அர்த்தம். எங்கள் மாணவர்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, மேடம், வந்துடுச்சு என்று குதிப்பார்கள். நான் சோற்றுக் கையோடு கேட்கும் முதல் கேள்வி அதுதான். பாவம், அந்தப் பிள்ளைகள் பாதிப்பேர் என்னிடம் திட்டு வாங்கியது அதற்காகத்தான். சாப்பிட்டுக்கொண்டே கேட்டு வளர்ந்தவள் இவள்.

நான் வைக்கவில்லை. நினைவுகூட வரவில்லை. பல வருடமாக அதே டெங்குத் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கிய அறையில், அதே துண்டைத் தேடும் சோதனையைச் செய்திருக்கிறேன். அந்த அறையில் யாருடைய ரத்தத்தை வைத்தாலும் டெங்கு வரும்.

வராந்தாவில் ஓடினேன். டாக்டர் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நான் சொன்னத மறந்துருங்க. அது டெங்கு இல்ல. என்ன காய்ச்சல்னு எனக்குத் தெரியாதுங்க."

"நேத்து அத்தன சண்டை போட்டீங்களே?"

"தப்புங்க. என்ற டெஸ்ட் தப்பு. நீங்க உங்களுக்குத் தோணறதப் பண்ணுங்க. சீக்கிரம் வாங்க."

அவர் வந்து மகளின் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அக்குள், காதின் பின்புறம், முழங்காலின் மடிப்பு. பேன்ட் இறுக்கும் இடுப்பு ஓரத்தில் அவர் விரல் நின்றது. சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு.

"வலிச்சுதா கண்ணு?"

"இல்லீங்க டாக்டர். இருக்கறதே தெரியாது."

"புல்லுல உக்காந்தியா?"

"அங்கதாங்க சிக்னல் கெடைக்கும்."

உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். புல்லில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. வைரஸ் அல்ல, பாக்டீரியா. அவர் முந்தின நாள் கொடுக்க நினைத்த அதே ஆன்டிபயாட்டிக்தான் மருந்து. உடனே ஏற்றினார். விட்டிருந்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று போயிருக்கும் என்று நான் கேட்காமலே எனக்குத் தெரிந்தது. அதைச் செய்யும் பாக்டீரியா குடியேறுவதும் அதே ரத்தக்குழாய் செல்களில்தான்.

அன்று மாலை என் மாணவி போன் செய்தாள். வெறும் தண்ணீரை மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

"மேடம், திட்டாதீங்க. தண்ணியிலயும் வந்துருக்குதுங்க."

நான் திட்டவில்லை. அழுதேன். நான் அழுது அவள் கேட்டதில்லை. பயந்துபோய், "மேடம், எல்லாத்தையும் தொடச்சுட்டுத் திருப்பி வெக்கறேனுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் மகளுக்கு வியர்த்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள், ஆஸ்பத்திரி இட்லி வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக் கடை புரோட்டா வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை பிடித்தாள். அவர் டாக்டரிடம் கேட்காமலே வாங்கி வந்து, என்னைப் பார்த்ததும் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்தார். எண்ணெய் சட்டையில் ஊறியது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவள் தேர்வை எழுதிவிட்டாள். லீவுக்கு வந்தால் இன்னமும் தோட்டத்தில்தான் சுற்றுகிறாள். பூட்ஸ் போடு, பாய் விரித்து உட்கார் என்றால் சரி சரி என்கிறாள். சாயங்காலம் அவள் வீட்டுப் படியேறும்போது டார்ச்சோடு வாசலில் நிற்கிறேன். முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், இடுப்பு ஓரம்.

"விடும்மா, கூசுது! ஏனுங்கப்பா, இவங்களக் கொஞ்சம் கூப்புடுங்க!"

"பாத்துட்டுப் போவட்டும் உடு சாமி" என்கிறார் அவர் உள்ளேயிருந்து.

அவள் சலித்துக்கொண்டே திரும்பி நின்று, மறு காதைக் காட்டுகிறாள்.