நாய் ஒண்ணும் துன்னல டாக்டரம்மா

மனுஷ டாக்டரிடம் நோயாளி பொய் சொல்வார். மாட்டு டாக்டரிடம் நோயாளியைத் தவிர மற்ற எல்லோரும் பொய் சொல்வார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், ஒரு டயர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் என் கிளினிக் இருக்கிறது. நான் வந்த புதிதில் மாடும் ஆடும்தான் வரும். மாட்டுக்காரர்கள் நல்லவர்கள். "மேய மாட்டேங்குது, அசை போடல" என்று இரண்டே வார்த்தையில் கேஸை முடித்துவிடுவார்கள். பிறகு ஊரில் சம்பளம் ஏறியது, வீட்டுக்கு வீடு லாப்ரடாரும் பொமரேனியனும் வந்தன, அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு சாக்லேட்டும் வந்தது. முன்பெல்லாம் தீபாவளிக்குக் கம்பெனிகளில் லட்டும் மிக்சரும் கொடுப்பார்கள். இப்போது தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் டப்பா. கம்பெனிக்கு கௌரவம், எனக்கு வேலை.

சாக்லேட் நாய்க்கு ஆபத்தா? ஆபத்துதான். கொக்கோவில் தியோப்ரோமின் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. நம் உடம்பு அதைச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளிவிடும். நாயின் உடம்பு, சர்க்கார் ஆபீஸில் ஃபைல் நகருகிற வேகத்தில்தான் தள்ளும். அதற்குள் வாந்தி, பேதி, தறிகெட்டு ஓடும் இதயம், நடுக்கம், முற்றிப்போனால் வலிப்பு. சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு மோசம். நாய் எவ்வளவு சின்னதோ அவ்வளவு மோசம். முறிவு மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. தின்ற உடனே கொண்டுவந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாம், விஷத்தை உறிஞ்சுகிற கரி மருந்து கொடுக்கலாம், டிரிப்ஸ் ஏற்றி இதயத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் "என்ன சாப்பிட்டது?" என்ற என் ஒரே கேள்விக்கு நேரான பதில் வாங்குவதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது. நீங்களும் ஏதாவது ஒரு கடைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர் என்றால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். கிணற்றில் விழுந்த செல்போனைக் கொண்டுவந்து, "சும்மா டேபிள் மேலதாங்க இருந்துச்சு" என்று சொல்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தயிர்சோற்று லாப்ரடார்

சேகர் இரும்புக் கம்பி ஆலையில் ஃபர்னஸ் ஆபரேட்டர். தீபாவளிக்கு மறுநாள் காலை, மனைவி, மகள், மச்சான் சகிதம் தன் லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீசர் என்று பெயர். சீசர் என் கிளினிக் வாசலிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு வாந்தி எடுத்து, தன் வருகையை அறிவித்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூச்சிரைப்பு. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் உள்ளே லோக்கல் டிரெயின் போகிற சத்தம்.

"என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டேன். "ஒண்ணும் துன்னல டாக்டரம்மா. தயிர் சோறு தவிர இவன் எதையும் தொட மாட்டான்" என்றார் சேகர். மனைவி தலையாட்டினார். மச்சான், சீசர் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதுபோல ஒரு பாவனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் உதவியாளர் ஸ்டெல்லா, வாந்தியிலிருந்து இடுக்கியால் ஒரு தங்கக் காகிதத்தை எடுத்து டிரேயில் வைத்தார். இன்னொன்று. மூன்றாவது வந்தபோது மகள் அழ ஆரம்பித்தாள்.

நல்லவேளையாக அது பால் அதிகம் கலந்த சாக்லேட், சீசரும் ஆள் கொஞ்சம் தடிமன். டிரிப்ஸ் ஏற்றி, மாலைக்குள் அது எழுந்து என் மேஜைக் காலை நக்குகிற அளவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது, இனியாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சேகர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "சாக்லேட்ட நாங்கதான் துன்னோம் டாக்டரம்மா, அது வெறும் பேப்பரத்தான் துன்னுச்சு."

பிறந்தநாள் குழந்தை

பெரிய அபார்ட்மென்ட்களும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டன. அதிலொன்றில் இருக்கும் ஒரு அம்மா, கைக்குட்டையில் மடித்து வைக்கிற அளவில் இருந்த ஒரு பொமரேனியனைக் கொண்டுவந்தார். அதன் தலையில் கூம்புத் தொப்பி. கழுத்தில் பளபளவென்று ரிப்பன். உடம்பு மட்டும் உதறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதற்குப் பிறந்தநாள். கறுப்பு சாக்லேட்டை உருக்கி ஊற்றிய கேக் வரவழைத்து, மேலே அதன் பெயரையும் எழுதச் சொல்லி, முதல் துண்டை அதன் வாயில்தான் ஊட்டியிருக்கிறார்கள். மனிதக் குழந்தைக்கு ஊட்டுவதுபோலவே, விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து ஊட்டியிருக்கிறார்கள். யாரும் மனம் கோணக்கூடாது அல்லவா.

தொப்பியைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். வாந்தி ஊசி போட்டதும், பிறந்தநாள் குழந்தை தனக்கு ஊட்டிய கேக் முழுவதையும் பெயரெழுத்தோடு ஸ்டெல்லாவின் மேல் திருப்பிக் கொடுத்தது. பிழைத்துவிட்டது. அந்த அம்மா படித்தவர், கையில் போன், போனில் என் நம்பர், எல்லாம் இருக்கிறது. "கொடுப்பதற்கு முன் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சர்ப்ரைஸ் டாக்டர், அதனாலதான் யார்கிட்டயுமே சொல்லல."

நைனாவுக்கு ஒன்றும் ஆகாது

ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கிற முனிரத்தினம், தன் ராட்வைலரைத் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு வருவார். அதன் பெயர் ராஜா, ஆனால் அவர் கூப்பிடுவது "நைனா". காலையில் நைனாவோடு டீக்கடைக்குப் போவார். இவருக்கு டீ, நைனாவுக்கு நாஷ்டாவாக ஒரு சின்ன மிட்டாய் சாக்லேட். இதை என்னிடம் பெருமையாகவே சொன்னார். நான் பதறியதும் சிரித்தார். "குட்டியில இருந்து துன்னுகினுதான் கீறான். இவனப் பாத்தா விஷம் துன்ன மாதிரியா கீது?"

இதுதான் பேஜார். நைனாவின் எடை கிட்டத்தட்ட என் எடை. அந்த மிட்டாயில் கொக்கோ என்பது பேருக்குத்தான், மற்றதெல்லாம் சர்க்கரை. அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்துக்கொண்டு இவர் ஊரெல்லாம் "சும்மா குடு, ஒண்ணும் ஆவாது" என்று வைத்தியம் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் தன் சின்ன நாய்க்கு ஒரு முழு கறுப்பு பாரை உடைத்துப் போடுவார், அது என்னிடம் வந்து சேரும். இதையெல்லாம் உதாரணம் போட்டு, கையை ஆட்டி, மூச்சுவாங்க விளக்கினேன். முனிரத்தினம் மிகுந்த மரியாதையோடு கேட்டார். உண்மையாகவே மனம் மாறியவர் போல முகம் இருந்தது. எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, இன்னையோட சாக்லேட் கட், சாக்லேட் க்ரீம் வச்ச பிஸ்கட்டு மட்டும் குடுத்துக்கறேன்."

வீடியோ வைத்தியம்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

கடம்பத்தூரிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கணவருக்கு இங்கே பெயின்ட் கம்பெனியில் வேலை. அவர்களிடம் ஒரு டாஷ்ஹண்ட் நாய் இருந்தது, குட்டைக் காலும் நீள உடம்புமாக. மனைவி கேக் செய்ய வைத்திருந்த கொக்கோ பவுடர் பாக்கெட்டை அது கடித்துக் குதறியிருக்கிறது. கொக்கோ பவுடர் என்றால் சாக்லேட்டின் சாறு. அதைவிட மோசமான சரக்கு கிடையாது. இவர்கள் உடனே பார்த்துவிட்டார்கள். ஆபத்து என்றும் தெரிந்திருக்கிறது. அதுவரை எல்லாம் சரி. அங்கிருந்து பஸ்ஸில் ஏறியிருந்தால்கூட நேரம் இருந்தது. ஆனால் போனை எடுத்தார்கள். வீட்டிலேயே வாந்தி எடுக்க வைப்பது எப்படி என்று யாரோ ஒரு மகானுபாவன் வீடியோ போட்டிருக்கிறான். உப்பைக் கரைத்து ஊற்று என்கிறான். ஊற்றினார்கள். வாந்தி வரவில்லை. இன்னும் ஊற்றினார்கள். பிறகு இன்னொரு வீடியோ, அதில் பால். பாலையும் ஊற்றினார்கள்.

என்னிடம் வந்தபோது கொக்கோவும், அதற்கு மேல் விஷமாகிப்போன அத்தனை உப்பும் சேர்ந்து வேலையை முடிக்கிற நிலையில் இருந்தன. வலிப்பு ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது. நானும் ஸ்டெல்லாவும் என்ன செய்ய முடியுமோ செய்தோம். அது என் கையிலேயே போய்விட்டது. அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் மேல் இல்லை. நாயைக் காப்பாற்ற அவர்கள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை, அதுதான் கொடுமை. கணவர் போனை இன்னும் கையில் பிடித்திருந்தார். என் பக்கம் திருப்பிக் காட்டி, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "இந்த வீடியோல நாய் எழுந்து வால ஆட்டுது டாக்டரம்மா, இது ஏன் ஆட்டல?"

கேட்டில் இருந்த ராணி

ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருப்பவர் சாமுவேல். ஒரு மத்தியானம், யூனிஃபார்மும் தொப்பியுமாக, ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு தெருநாயை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கேட்டிலேயே பிறந்து கேட்டிலேயே வளர்ந்தது. ராணி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ராணியின் நான்கு காலும் விறைத்துப்போய் உதறிக்கொண்டிருந்தன.

"எவனோ பூச்சி மருந்து வச்சிட்டான்மா. சோத்துல கலந்து வச்சிட்டான்" என்றார். எங்கள் பக்கம் அது நடக்காத விஷயம் இல்லை. அதற்கான ஊசியை ஸ்டெல்லா சிரிஞ்சில் எடுத்துவிட்டார். நான் கண்ணைப் பார்த்தேன். பூச்சி மருந்து என்றால் பெரும்பாலும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் எச்சில் ஒழுகும். இதற்குக் கண்மணி விரிந்திருந்தது, வாய் காய்ந்திருந்தது, இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடித்தது. பூச்சி மருந்துக்குப் போடும் ஊசி இதயத்தை இன்னும் விரட்டும். சிரிஞ்சை சாமுவேலின் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். "நீங்க சொல்றது உண்மைன்னா இது பிழைக்கும். பொய்ன்னா, இந்த ஊசியே இதைக் கொன்னுடும். போடட்டுமா?"

சாமுவேல் தொப்பியைக் கழற்றினார். பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டில் ஆள் இல்லையென்று சூப்பர்வைசர். எடுத்து, "நாய இட்டுக்கினு ஆஸ்பத்திரி வந்துகீறேன் சார், அப்பால திட்டு" என்று சொல்லி வைத்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தாம்மா குடுத்தேன்" என்றார். வெளிநாடு போய்வந்த மேனேஜர் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்திருக்கிறார். கறுப்பு, கசப்பு, பெரிய பார். இவருக்கு சுகர். வீட்டுக்குக் கொண்டுபோனால் கை சும்மா இருக்காது என்று, முழுசாக ராணிக்கே போட்டுவிட்டார்.

சிரிஞ்சைக் கீழே வைத்தேன். வலிப்புக்கு மருந்து, டிரிப்ஸ், மூத்திரப் பையில் ஒரு குழாய். பையில் விஷம் தேங்கினால் திரும்ப ரத்தத்தில் ஏறும். மாலைவரை சாமுவேல் நகரவில்லை. டிரிப்ஸ் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டியிருந்தோம். ஆனாலும் அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நடுக்கம் நின்றது. ராணி தலையைத் தூக்கி அவர் கையை மோந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. நான் டிரிப்ஸின் வேகத்தைக் குறைத்தேன். சாமுவேல் சொன்னார்: "சுகரு கீது, சாக்லேட் தொடாதன்னு எனக்கு டாக்டர் சொன்னாரும்மா, அதுக்கு யாரும் சொல்லலியே."

போர்டு

நியாயம்தான். சொல்ல வேண்டியது என் வேலைதானே. மறுவாரமே பெயின்டரைப் பிடித்து, வாசலில் பெரிய போர்டு எழுதி மாட்டினேன். "நாய்களுக்கு சாக்லேட் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து." சிவப்பு எழுத்து. பிரியாணிக் கடைக்கு வருகிறவர்கள்கூட நின்று படித்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஒரு நாள் ஒருவர் அந்த போர்டுக்குக் கீழேயே நின்று, சாக்லேட் ஐஸ்கிரீம் கப்பை ஒரு பூனைக்கு நக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூனை வயிற்றுப்போக்கு என்று வந்த கேஸ். உள்ளே கூப்பிடும்வரை அது அழக்கூடாது என்று ஐஸ்கிரீம். நான் வெளியே வந்து, விரலால் போர்டைக் காட்டினேன். அவர் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. "நல்லா படிச்சுப் பாருங்க டாக்டரம்மா, நாய்னுதானே போட்டுகீது? இது பூனை."

ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சக கஷ்டவாளிகளே, சாக்லேட் ஆபத்தா என்று என்னை யாராவது கேட்டால் ஆபத்துதான் என்பேன், ஆனால் அதற்குக் கால் முளைத்து, தானாக நடந்துபோய் ஒரு நாயின் வாய்க்குள் ஏறியதை நான் இன்னும் பார்க்கவில்லை.