ஒரு குடைக்குக் கீழ் இரண்டு சாட்சிகள்

காலை ஒன்பது பத்து. நீதவான் நீதிமன்ற விறாந்தையில் முதலில் கண்ணில் பட்டது என் மனைவியின் சிரிப்பு. பக்கத்தில் அவளுடைய மாமா மகன். தோட்டத்து லொறி ஓட்டுகிறவன். எனக்கு முன்னால் அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை.

மழை நாளொன்றில் கஹவத்தைச் சந்தியில், ரப்பர் பால்வெட்டும் பெண்ணொருத்தியை வேன் மோதிவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற இவர்கள் இருவர்தான் சாட்சி. வேன் பிழையான பக்கத்தில் வந்தது என்று நீதிமன்றம் நம்பினால் அவளுக்கு நட்டஈடு கிடைக்க வழியுண்டு. அவள் ஊன்றுகோலோடு முன்வரிசையில் இருந்தாள்.

பத்திரிகைக்கு வழக்குச் செய்தி எழுதுகிற நான் செய்தியாளர் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சாட்சி சொல்வதை அடுத்தவர் கேட்கக்கூடாது என்பதால் மனைவியை வெளியே இருத்திவிட்டு அவனை முதலில் அழைத்தார்கள். வேன் வந்த பக்கத்தைத் தெளிவாகச் சொன்னான். எதிரியான வேன் சாரதியின் சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"அந்த மழையில எப்படி ரோட்டப் பார்த்தீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே கொடைலதாங்க நின்னோம். அத்த மகள நனைய விடலாங்களா?"

சபை சிரித்தது. எனக்கு வேன் மறந்துபோயிற்று. இருவர் நனையாமல் நிற்க எவ்வளவு நெருங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அகலமான தோள்.

பிறகு அவள் வந்தாள். வேனைப் பற்றி அவன் சொன்னதையே சொன்னாள். சட்டத்தரணி அவளிடமும் குடையைப் பற்றிக் கேட்டார்.

"ஒரு குடையா, ரெண்டா?"

அவள் என் பக்கம் பார்த்தாள். "ரெண்டுங்க. என் கொடை வேற."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"வேறதாங்க."

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே குடை. விபத்து நடந்த அன்று அதை நான் எடுத்துப் போயிருந்தேன்.

குடையில் பொய் சொல்கிறவர்களை வேனில் மட்டும் எப்படி நம்புவது என்று சட்டத்தரணி நீதவானிடம் கேட்டார். பால்வெட்டும் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க அங்க குந்திக்கிட்டு மொறச்சா வேற என்னத்தச் சொல்றது?"

"அவன் சொன்னானே."

"அவருக்கென்ன? அவரு பொண்டாட்டியா அங்க குந்தியிருந்திச்சு?"

பிறகு, குடையை யார் பிடித்திருந்தது என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த விசாரணை நாளில், சாட்சிகள் முரண்படுவதால் சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து, நீதவான் வேன் சாரதியை விடுதலை செய்தார்.